ஜேம்ஸ்டவுன் கண்ணாடி உலைக்களம்

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்த வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றின் ஓரமாக, சிறு நிலமுனை ஒன்று உளது. 'கண்ணாடிச்சாலை முனை' என்பது அதன் பெயர். பதினேழாம் நூற்றாண்டின் நில ஆவணங்களிலேயே கண்ணாடிச்சாலை நிலம் என்னும் குறிப்புக் காணப்படுகின்றது. ஆனால் அங்கு ஒரு தொழிற்சாலை இருந்ததற்கான அடையாளம் எதுவும் தரையின்மேல் எஞ்சவில்லை. 1931-ஆம் ஆண்டில் அந்நிலத்தின் உரிமையாளர் உலைகளின் அடித்தளக் கற்கள் சிலவற்றைக் கண்டார். 1948-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறையைச் சேர்ந்த தொல்பொருள் ஆராய்ச்சியாளர் ஜே. சி. ஹாரிங்டன் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்தார்.

அகழ்வில் ஒரு கிண்ணமோ, ஒரு குப்பியோ முழுமையாகக் கிடைக்கவில்லை. நெருப்பில் வெந்த ஆற்றுக் கற்கள், உடைந்த மண்மூசைகள், கண்ணாடிச் சொட்டுகள், இழைபோல நீண்டு உறைந்த துணுக்குகள், உருக்குவதற்கெனச் சேர்த்துவைத்த உடைகண்ணாடி ஆகியவையே கிடைத்தன. பொருட்காட்சிச் சாலையில் வைத்து வியக்கத்தக்கன அல்ல இவை; எல்லாம் கழிவுகளே. எனினும், ஆங்கிலேயர் வட அமெரிக்காவில் முதன்முதலாக நிறுவ முயன்ற தொழில்களுள் ஒன்றான கண்ணாடித் தொழில் எவ்வாறு நடந்தது, எங்கு தடுக்கி விழுந்தது என்பதை அறிவதற்கு எழுத்து ஆவணங்களோடு துணைநின்றவை இக்கழிவுகளேயாம்.

விறகைத் தேடிய தொழில்

கண்ணாடித் தொழில் அக்காலத்தில் விறகை விழுங்கும் தொழிலாக இருந்தது. உலையை இரவும் பகலும் அணையாது எரிக்க வேண்டும். அத்துடன், மணலை உருகச் செய்யும் உப்பும் மரச் சாம்பலிலிருந்தே பெறப்பட்டது. ஆகவே காடு உள்ள இடத்தை நாடிக் கண்ணாடித் தொழிலாளர் இடம்பெயர்வது ஐரோப்பாவில் வழக்கமாயிற்று. இங்கிலாந்திலோ காடுகள் குறைந்துகொண்டே வந்தன. கப்பல் கட்டுவதற்கும் இரும்பு உருக்குவதற்கும் மரம் வேண்டியிருந்தது. 1615-ஆம் ஆண்டில் கண்ணாடி உலைகளில் விறகை எரிக்கலாகாது என அரசர் முதலாம் ஜேம்ஸ் ஆணை பிறப்பித்தார். அதன்பின் அந்நாட்டு உலைகள் நிலக்கரிக்கு மாறின.

இவ்வாணைக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1607-இல், இலண்டன் வணிகர்களின் வர்ஜீனியாக் கம்பெனி ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை நிறுவியிருந்தது. பொன் கிடைக்கும் என்ற எண்ணம் கைகூடவில்லை. ஆயினும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை காடு இருந்தது. ஆற்றங்கரையில் மணல் இருந்தது. மணலும், விறகும், சாம்பலும் இருக்கக் கண்ணாடி செய்வதில் தடை என்ன என்று கம்பெனியார் எண்ணினர். இங்கிலாந்து வெளிநாடுகளிலிருந்து விலைகொடுத்து வாங்கிய கண்ணாடியைத் தன் குடியேற்றத்திலிருந்தே பெறலாம் என்பது அவர்தம் கணக்கு.

முதல் முயற்சி

1608-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், கேப்டன் கிறிஸ்டோபர் நியூபோர்ட்டின் கப்பலில் எட்டுத் தொழில்வல்லுநர் ஜேம்ஸ்டவுனை அடைந்தனர். ஆங்கில ஆவணங்கள் அவர்களை 'டச்சுக்காரர்களும் போலந்துக்காரர்களும்' என்று குறிப்பிடுகின்றன. அக்கால ஆங்கில வழக்கில் ஜெர்மானியரையும் டச்சுக்காரர் என்றே கூறுவர். கீல், தார், கண்ணாடி, சவர்க்காரச் சாம்பல் ஆகியவற்றை ஆக்குவதற்காக அவர்கள் அனுப்பப்பட்டனர். கோட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், காட்டினுள் கண்ணாடிச்சாலை எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் நியூபோர்ட் திரும்பிச் சென்றபோது கண்ணாடி மாதிரியும் அவருடன் இங்கிலாந்து சென்றது. வந்த சில வாரங்களிலேயே மாதிரி அனுப்பப்பட்டதிலிருந்து, தொழிலாளரின் திறமையில் குறையில்லை என்பது தெளிவாகும்.

குறை வேறிடத்தில் இருந்தது. குடியேற்றத்தில் உழவு போதவில்லை. பழங்குடி மக்களிடம் பெறும் சோளத்தை நம்பியே பெரும்பாலோர் வாழ்ந்தனர். அவர்களுடன் பகை மூண்டபோது அதுவும் நின்றது. 1609–10 குளிர்காலம் வர்ஜீனியா வரலாற்றில் 'பட்டினிக் காலம்' என்று பெயர் பெற்றது. சில நூறு பேர் இருந்த குடியேற்றத்தில் வசந்தத்தைக் கண்டவர் ஏறத்தாழ 60 பேரே. உலைக்கு விறகு வெட்ட ஆள் இல்லை. வெட்டுவோருக்கு உண்ண உணவு இல்லை. முதல் முயற்சி இவ்வாறு அடங்கிப் போயிற்று.

அயல்நாட்டுத் தொழில்வல்லுநரின் நிலை பற்றி மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1619-இல் வர்ஜீனியாவில் மக்கட் பிரதிநிதிகளின் சபை முதன்முறையாகக் கூடியது. அதில் வாக்குரிமை தமக்கு மறுக்கப்பட்டதைப் போலந்து நாட்டுத் தொழிலாளர் எதிர்த்தனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கம்பெனி அவர்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. அவர்களுடைய தொழில் நுட்பம் அவர்களோடு மறைந்துவிடாதிருக்க இளைஞர் சிலரை அவர்களிடம் பயிற்சிக்கு அமர்த்துவது எனவும் முடிவு செய்தது. கைத்தொழில் அறிவு ஒரு தலைமுறையிடமிருந்து மற்றொரு தலைமுறைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கம்பெனி உணரப் பதினோர் ஆண்டுகள் பிடித்தன.

இரண்டாம் முயற்சி

1621-இல் கேப்டன் வில்லியம் நார்ட்டன் என்பவர் இத்தாலியக் கண்ணாடித் தொழிலாளர்களுடன் வர்ஜீனியாவை அடைந்தார். இம்முறை பாத்திரங்களோடு மணிகளையும் செய்வது நோக்கம். பழங்குடி மக்களுடன் நடந்த வாணிகத்தில் கண்ணாடி மணி நாணயம்போல் வழங்கியது. மணிகள் மலிந்தால் அவற்றின் மதிப்பு வீழ்ந்துவிடும் என்பதால், அளவோடு வெளியிட வேண்டும் என்றும் கம்பெனி எச்சரித்தது.

இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்ணாடிச்சாலையின் கட்டடத்தைப் புயல் வீழ்த்தியது. 1622 மார்ச் 22-ஆம் நாள், தம் நிலங்கள் தொடர்ந்து பறிபோவதைக் கண்ட பவ்ஹாட்டன் மக்கள் குடியேற்றங்களைத் தாக்கினர். 347 பேர் மாண்டனர். அதன்பின் நார்ட்டனும் இறந்தார். குடியேற்றத்தின் பொருளாளரான ஜார்ஜ் சாண்டிஸ் பொறுப்பை ஏற்றார். உலையில் வாரக்கணக்கில் நெருப்பு எரிந்தும் பயன் விளையவில்லை. மணல் உருகவில்லை எனத் தொழிலாளர் முறையிட்டனர். தக்க மணலைத் தேடிப் படகு அனுப்பப்பட்டது. தொழிலாளருள் ஒருவர் கடப்பாரையால் உலையைப் பிளந்துவிட்டார் எனவும், ஊர் திரும்பும் விருப்பத்தாலேயே இவ்வாறு செய்கின்றனர் எனவும் சாண்டிஸ் கடுஞ்சினத்துடன் எழுதினார்.

இவ்விடத்தில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆவணத்தில் ஒலிப்பது மேலாளரின் குரலே. இத்தாலியரின் சொல் எழுத்தில் இடம்பெறவில்லை. பட்டினி, நோய், போர் ஆகியவற்றுக்கிடையே, மொழியறியா நாட்டில், சரியான மணலின்றி உலையின் முன் நிறுத்தப்பட்டவர் அவர்கள். பிளவுபட்ட உலை அவர்தம் வன்மத்தைக் காட்டுவதாகச் சாண்டிஸ் கொண்டார். அது அவர்தம் துயரத்தையும் காட்டக்கூடும். 1624-இல் கண்ணாடி வேலை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வர்ஜீனியாக் கம்பெனியின் அரச சாசனமும் நீக்கப்பட்டது.

நிலம் அளித்த சான்று

ஹாரிங்டனின் அகழ்வில் நான்கு உலைகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. ஆற்றுக் கற்களைக் களிமண் சாந்தால் இணைத்து அவை கட்டப்பட்டிருந்தன. அவை ஒவ்வொன்றும் கண்ணாடி ஆக்கத்தின் ஒரு படியைக் குறிப்பன. ஆதலின் தொழில்முறையைச் சுருங்க அறிதல் நன்று.

மணலின் முதன்மைப் பொருள் சிலிக்கா. தூய சிலிக்கா உருகுவதற்கு ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். விறகு உலை இவ்வளவு வெப்பத்தைத் தராது. பொட்டாஷ் அல்லது சோடா சேர்ப்பின் உருகுநிலை பெரிதும் தாழ்கின்றது. மரச் சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். ஆனால் சிலிக்காவும் காரமும் மட்டும் கூடிய கண்ணாடி நீரிற் கரையும் இயல்புடையது. அதற்கு நிலைத்த தன்மையைத் தருவது சுண்ணாம்பு. மரச் சாம்பலில் சுண்ணாம்பும் இயற்கையாகவே கலந்திருத்தலால், காட்டுப் பகுதிக் கண்ணாடித் தொழிலாளர் இரசாயனக் காரணத்தை அறியாமலே சரியான கலவையை எய்தினர்.

முதலாவதான வறுக்கும் உலையில் மணலும் சாம்பலும் குறைந்த வெப்பத்தில் கிளறி வறுக்கப்படும். அப்போது ஈரமும் கரியமில வாயுவும் வெளியேறிக் கலவை கட்டிபடும். அக்கட்டிகளை உடைத்து, உடைகண்ணாடியுடன் சேர்த்து, மண்மூசையில் இட்டு, பெரிய உருக்கு உலையில் வைப்பர். உடைகண்ணாடி விரைவில் இளகி மற்றவற்றையும் இளக்கும். உருக்கு உலையின் நடுவே நெருப்பு எரியும் பள்ளமும், இருமருங்கிலும் மூசைகளை வைப்பதற்கான திண்ணைகளும் இருந்தன. உருகிய கண்ணாடியை ஊதுகுழலின் நுனியில் எடுத்து, ஊதியும் உருட்டியும் உருவாக்குவர்.

உருவான பொருளை உடனே வெளிக்காற்றில் வைத்தால், புறப்பகுதி விரைந்தும் உட்பகுதி மெதுவாகவும் குளிர்வதால் உள்ளே இறுக்கம் தோன்றும். சிறு தட்டலிலும் அது வெடிக்கும். ஆகவே மூன்றாவதான ஆற்றும் உலையில் வைத்து மெல்ல மெல்லக் குளிரச் செய்வர். நான்காவது, மூசைகளைச் சுடுவதற்கான சூளை எனக் கருதப்படுகின்றது.

இந்நான்கும் ஒருங்கே காணப்பட்டமையால், அங்கு நடந்தது ஒரு சிறு சோதனை மட்டுமன்று, முழு அமைப்புடைய தொழிற்களம் என்பது உறுதியாயிற்று. உலைக் கற்களின் உட்புறம் கண்ணாடிபோல் மெருகேறி உருகியிருந்தது, உலை நெடுநேரம் உயர்ந்த வெப்பத்தில் எரிந்ததைக் காட்டிற்று. மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த கண்ணாடியும், தரையில் உறைந்த சொட்டுகளும் அங்கே கண்ணாடி உண்மையாகவே உருகியதை மெய்ப்பித்தன. இவற்றை 1608-ஆம் ஆண்டு முயற்சியின் உலைகள் எனத் தேசியப் பூங்காப் பணித்துறை காட்டி வருகின்றது.

பச்சை நிறத்தின் காரணம்

கிடைத்த துணுக்குகள் பெரும்பாலும் பச்சை நிறமுடையன. தொழிலாளர் வண்ணம் எதுவும் சேர்த்ததால் வந்த நிறமன்று இது. மணலில் சிறிதளவு கலந்திருக்கும் இரும்பே இதற்குக் காரணம். நிறமற்ற கண்ணாடி வேண்டின் இரும்பு மிகக் குறைந்த மணலைத் தேர்தல் வேண்டும். அல்லது மாங்கனீசு போன்ற பொருளைச் சேர்த்துப் பச்சையை மறைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். சாதாரண சன்னல் கண்ணாடித் தகடு ஒன்றை நேராகப் பார்த்தால் நிறமற்றதாகத் தோன்றும். அதன் விளிம்பின் வழியாக நோக்கினால் பச்சையாகத் தோன்றும். விளிம்பின் வழியே வரும் ஒளி மிகுந்த ஆழக் கண்ணாடியைக் கடந்து வருதலால், சிறிதளவு இரும்பின் விளைவும் கண்ணுக்குப் புலனாகின்றது. விளிம்பு கூர்மையாயின் துணி சுற்றிப் பிடித்தல் வேண்டும். ஜேம்ஸ்டவுன் துணுக்குகளின் நிறமும் இத்தகடின் விளிம்பு நிறமும் ஒரே காரணத்தால் எழுவன என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.

வென்ற முயற்சி ஒன்று

ஜேம்ஸ்டவுன் முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்பதை, பின்னர் வெற்றி கண்ட மற்றொரு தொழிற்சாலையுடன் ஒப்பிட்டால் தெளிவாக உணரலாம். ஜெர்மனியிலிருந்து பிலடெல்பியாவில் குடியேறிப் பித்தளைப் பொத்தான் செய்து பொருளீட்டியவர் காஸ்பர் விஸ்டார். அவர் 1739-இல் நியூஜெர்சிப் பகுதியின் சேலம் கவுண்டியில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அங்கும் மணலும் காடும் இருந்தன. அங்கும் அயல்நாட்டுத் தொழிலாளரே வரவழைக்கப்பட்டனர். ஆனால் இரண்டு வேறுபாடுகள் இருந்தன.

முதலாவது, தொழிலாளரின் நிலை. ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் நால்வருடன் விஸ்டார் செய்த உடன்படிக்கையின்படி, பயணச் செலவு, நிலம், மூலப்பொருள், உணவு ஆகியவற்றை அவர் தருவார். அவர்கள் தம் கலையை அவருக்கும் அவர் மகனுக்கும் கற்பிப்பர். இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது. உலை எரிந்தால் அவர்களுக்கும் நன்மை. அணைந்தால் அவர்களுக்கும் இழப்பு.

இரண்டாவது, சந்தை. 1608-இல் ஜேம்ஸ்டவுனில் சன்னலுக்குக் கண்ணாடி பதிப்போர் எத்தனை பேர்? செய்த பொருளைக் கடல் கடந்தே விற்க வேண்டியிருந்தது. எளிதில் உடையும் பொருளுக்கு அது கொடிய பயணம். விஸ்டாரின் காலத்திலோ பிலடெல்பியா போன்ற நகரங்கள் வளர்ந்திருந்தன. சன்னல் கண்ணாடிக்கும் குப்பிகளுக்கும் அருகிலேயே தேவை இருந்தது. அத்தொழிற்சாலை அவருக்குப்பின் அவர் மகனாலும் நடத்தப்பெற்று, அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலம் வரை நிலைத்தது.

விஞ்ஞான வரலாற்றிலும் உள்நாட்டுக் கண்ணாடிக்கு இடமுண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் தம் மின்னியல் சோதனைகளைத் தொடங்கிய 1740-களில், உராய்வினால் மின்னேற்றம் பெறும் கண்ணாடிக் குழாய்களை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதோடு நில்லாது, உள்ளூர்க் கண்ணாடிச்சாலையிலேயே ஊதச் செய்து நண்பர்களுக்கு வழங்கினார். பச்சைக் கண்ணாடியாலான அக்குழாய்கள் 27 முதல் 30 அங்குல நீளமுடையன. சோதனைக் கருவியை அருகிலேயே செய்துகொள்ள இயன்றதால், ஒருவருடைய வீட்டில் நடந்த சோதனை பலருடைய வீடுகளுக்கும் பரவியது.

எச்சங்களும் அவற்றின் பாதுகாப்பும்

1957-இல் ஜேம்ஸ்டவுனின் 350-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பழைய உலைகளுக்கு அருகே பதினேழாம் நூற்றாண்டு முறையில் ஒரு கண்ணாடிச்சாலை அமைக்கப்பட்டது. அமெரிக்கக் கண்ணாடித் தொழில் நிறுவனங்கள் அதற்கு உதவின. 1974-இல் அது தீக்கிரையாயிற்று. 1976-இல் மீண்டும் கட்டப்பட்டது. பார்வையாளர் முன்னிலையில் பச்சைக் கண்ணாடியை ஊதிக் காட்டும் பணி அங்கு தொடர்ந்தது. மூல உலைகளின் அடித்தளங்கள் தனியே கூரையிட்டுக் காக்கப்படுகின்றன. எது பழையது, எது புதிதாகக் கட்டியது என்பது பார்ப்போருக்குக் குழப்பமின்றி விளங்குமாறு இரண்டையும் வேறு வேறாக வைத்தமை பின்பற்றத்தக்க முறையாகும்.

சான்று ஓரிடத்தோடு முடிந்துவிடவும் இல்லை. ஆற்றில் கரைந்துவிட்டது என நெடுங்காலம் நம்பப்பட்ட ஜேம்ஸ்டவுன் கோட்டையின் தடம், 1994-இல் தொடங்கிய அகழ்வுகளால் வெளிப்பட்டது. கோட்டைக்குள்ளேயே கண்ணாடி ஒட்டிய மூசைகளும் உடைகண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. உலைக்களத்தில் வேலை நடக்கையில் கோட்டையினுள்ளும் கண்ணாடிச் சோதனைகள் நிகழ்ந்தன என்பதை இவை உணர்த்துகின்றன.

இவ்வெச்சங்களுக்கு இன்று நீரால் இடர் நேர்ந்துள்ளது. கடல்மட்ட உயர்வும், புயலும், வெள்ளமும் ஜேம்ஸ்டவுனின் தாழ்ந்த நிலத்தை அரிக்கின்றன. 2022-இல் அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, அந்நாட்டில் பேரிடருக்குள்ளான 11 வரலாற்று இடங்களுள் ஒன்றாக ஜேம்ஸ்டவுனைச் சேர்த்தது.

களப்பணியாளர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பயன் ஒன்று உண்டு. பழைய தொழிற்களம் ஒன்றில் முழுப் பாத்திரம் கிடைப்பது அரிது. நல்ல பொருள் விற்பனைக்குச் சென்றுவிடும். உடைந்தது மீண்டும் மூசைக்குச் செல்லும். களத்தில் தங்குவன கசடும், சொட்டும், வெந்த மண்ணும், மூசைச் சில்லுமே. ஆகவே வயல் உழும்போதோ, சாலைக்கு மண் எடுக்கும்போதோ, கிணறு தோண்டும்போதோ மெருகேறிய கல்லும் கண்ணாடிக் கசடும் குவியலாகத் தோன்றுமாயின், அவற்றை அள்ளி எறிதல் கூடாது. கிடைத்த இடம், ஆழம், மண்ணின் நிறம், உடன் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்து, இயலுமாயின் படமும் எடுத்து, தொல்பொருள் துறையினருக்குத் தெரிவித்தல் வேண்டும். இடத்தினின்று பெயர்த்து எடுத்துவந்த துண்டு பாதிச் சான்றே ஆகும்.

ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துரைக்கத்தக்கது வேறொன்று. ஜேம்ஸ்டவுனில் மணல் இருந்தது, விறகு இருந்தது, கைத்திறனும் இருந்தது. உணவும், அமைதியும், சந்தையும், உழைப்போர்க்கு உரிய பங்கும் இல்லை. மூலப்பொருள் மட்டும் தொழிலை ஆக்காது என்பதை உறைந்து கிடந்த பச்சைச் சொட்டுகள் இன்றும் மெய்ப்பிக்கின்றன. அங்கே கண்ணாடி உருகியது என்பதில் ஐயமில்லை. அதை உருக்கிய மனிதர் நிலைத்து வாழ வழி செய்யப்படவில்லை என்பதே அவ்வுலைக்களத்தின் வரலாறு.